ஆமைகளுக்கும் லெந்து

17 பிப்ரவரி 2025, திங்கள்

தொட்டித் தண்ணீர் மாற்றினேன். இரண்டு குடம். நேற்றே பிடித்து வைத்த தண்ணீர். குழாயில் வந்ததை அப்படியே ஊற்றினால் அதிலிருக்கும் மருந்து ஆமைகளுக்கு ஆகாது என்று ஷைலா ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். மொத்தம் பதினோரு விதிகள். என் சமையல் நேரத்துக்குக்கூட இவ்வளவு சட்டம் இல்லை.

பெரியது கல்லின் மேல் ஏறிக் கழுத்தை நீட்டிச் சின்னதை மேற்பார்வை பார்க்கும். அதனால் என் வீட்டுக்காரர் அதற்குப் போர்மேன் என்று பேர் வைத்தார். சின்னது சில்லறை. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு அவரும் ஷைலாவும் பெங்களூரில் வாங்கி வந்தபோது ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான் இருந்தது. இப்போது உள்ளங்கை பாதி. இரண்டுக்கும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு.

ஏழரைக்குப் போன் வந்தது. "போர்மேன காட்டுங்க. சில்லறைய காட்டுங்க. கல்ல தேய்ச்சீங்களா?" அவ்வளவுதான். ஆறு நிமிஷம். நான் சாப்பிட்டாயா என்றதற்கு "ம்" என்றாள்.

ஒரு மாதம் ஆகிவிட்டது அவள் போய். அவர் முப்பது வருஷமாக சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூர் போய் வேலை பார்த்துத் திரும்பவில்லையா? இவளுக்கு மட்டும் அங்கேயே லேடீஸ் ஹாஸ்டல் வேண்டுமாம். "உயிர் போவுதுமா ரயில்ல" என்றாள். நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். "அங்க தங்கறவளுக்கு இந்த வீட்டு நெனப்பு இன்னாத்துக்கு" என்று சொல்லிவிட்டேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "ஹாஸ்டல்ல ஆமை வெச்சிக்க வுட மாட்டாங்க. அதுங்கள பாக்கத்தான் போன் பண்ணுவேன். உங்கள இல்ல" என்று போனாள். உங்கள என்றாள். என்னை இருபத்திரண்டு வருஷமாக நீ என்று கூப்பிட்ட பெண்.

23 பிப்ரவரி, ஞாயிறு

எல்லம்மா பக்கத்து வீட்டிலிருந்து முருங்கைக்காய் கொண்டுவந்தாள். வாசற்படியோடு நின்றாள். ஆமை இருக்கிற வீட்டுக்குள் அவள் வலது கால் வைக்க மாட்டாள். "பொண்ணு வூட்ட வுட்டுப் போச்சி. இன்னும் இன்னா நடக்கணும் ஐடாக்கா? எடுத்துகினு போயி பேத்தமங்களா ஏரில வுட்டுட்டு வாங்க" என்றாள். எங்களுக்கு அந்த மாதிரி நம்பிக்கை எல்லாம் கிடையாது என்றேன். "உங்களுக்கு இல்லன்னா ஆமைக்கு இல்லியா" என்று கேட்டாள். முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

4 மார்ச், செவ்வாய்

நாளை சாம்பல் புதன், லெந்து நாற்பது நாள் உபவாசம் ஆரம்பம். அடுக்களையைச் சுத்தம் செய்தேன். கருவாட்டுப் பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். முட்டை மீதி நான்கு, எல்லம்மாவுக்கு. பிறகு ஆமைச் சாப்பாட்டு அலமாரி. காய்ந்த கூனி இறால் அரை டப்பா. அது மாம்சம்தான், சந்தேகமே இல்லை. அடுத்து ஷைலா வாங்கி வைத்த உருண்டைத் தீனி டப்பா. அதில் எல்லாம் இங்கிலீஷ். நான் ஏழாவதோடு நின்றவள். மருந்துச் சீட்டையும் அவருடைய சம்பளச் சீட்டையும் வைத்துத்தான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டக் கற்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தேன். மூன்றாவது வரியில் மீன் தூள் என்று இருந்தது. ஐந்தாவதில் இறால்.

இரண்டு டப்பாவையும் டேப் சுற்றி அலமாரி மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.

5 மார்ச், சாம்பல் புதன்

ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்டில் மாம்சம், மீன், முட்டை இல்லை. காலை ஆகாரம் எனக்கு இல்லை. இந்த வருஷம் ஒரே விண்ணப்பம்தான். ஷைலா வீடு திரும்பவேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை, முழங்கால் வலியைக்கூட.

ஆமைகளுக்கும் அதே ஒழுங்கு. அவளுடையவை அல்லவா. வேதத்தில் வரும் நினிவே பட்டணத்தில் ராஜா முதல் ஆடுமாடு வரைக்கும் ஒன்றும் ருசிபார்க்காமல் இருந்தன, தேவனும் மனமிரங்கினார். நான் அவ்வளவு கடுமையாகப் போகவில்லை. சோறும் வெள்ளரியும் உண்டு.

அவர் மட்டும் தொட்டியைப் பார்த்துவிட்டு, "அதுங்க எந்த சர்ச்சி மெம்பரு?" என்றார்.

12 மார்ச், புதன்

வெள்ளரியைப் போர்மேன் நாலு வாய் கடித்தது. சில்லறை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பசித்தால் சாப்பிடும்.

20 மார்ச், வியாழன்

சில்லறை இரண்டு நாளாகக் கல்லுக்கு வரவில்லை. தண்ணீரின் மூலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. எடுத்துப் பார்த்தேன். இடது கண் இமை பட்டாணி மாதிரி உப்பியிருக்கிறது. தூசு விழுந்திருக்கும் என்று வெந்நீரில் பஞ்சு நனைத்துத் துடைத்தேன்.

போனில் ஷைலா கேட்டாள். தூங்குகிறது என்றேன். அது பொய் இல்லை. கண் மூடித்தான் இருந்தது.

24 மார்ச், திங்கள்

இரண்டு கண்ணும் மூடிவிட்டது. உப்பிக்கொண்டு, திறக்கவே இல்லை. கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அது கண் தெரியாமல் சுவரில் போய் முட்டுகிறது, திரும்புகிறது, மறுபடி முட்டுகிறது.

ஏழரைக்குப் போன். என் கை தானாகச் செய்த காரியத்தை எழுதுகிறேன். போர்மேனைக் காட்டினேன். பிறகு போனைக் கீழே வைத்து, ஒரு நிமிஷம் இரு என்று சொல்லி, அதே போர்மேனைத் திருப்பிப் பிடித்து வால் பக்கமாகக் காட்டி, "இதோ சில்லறை" என்றேன்.

அவள் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு "சரி" என்று வைத்துவிட்டாள்.

லெந்து காலத்தில். உபவாசம் இருக்கிற வாயால்.

26 மார்ச், புதன்

மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். சில்லறையை நெய் டப்பாவில் ஈரத்துணி போட்டு எடுத்துப் போனேன். எனக்கு முன்னால் ஒரு சினை மாடு, இரண்டு ஆடு, ஊசிக்கு வந்த நாய். என்ன கொண்டுவந்தாய் என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் கிரண் சின்னப் பிள்ளை. டப்பாவைத் திறந்ததும் என்னைப் பார்த்தார்.

"நான் படிச்சப்போ ஒரே ஒரு ஆமை பாத்தேன்மா. அதுவும் பாட்டில்ல, செத்தது" என்றார்.

ஆனாலும் அனுப்பிவிடவில்லை. போட்டோ எடுத்து, கூடப் படித்த டாக்டர் ஷில்பா என்கிறவருக்கு அனுப்பினார். அவர் பெங்களூரில் கிளி, முயல், ஆமை எல்லாம் பார்க்கிறாராம். ஐந்து நிமிஷத்தில் பதில். தள்ளிப்போடாமல் கொண்டுவரச் சொன்னார்.

அவர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், போர்மேனைத் திருப்பிக் காட்டினது உட்பட. அவர் கைகழுவிக்கொண்டே, "வெள்ளிக்கெழம பர்மிஷன் போடறேன். டப்பா மூடில ஓட்ட போட்டு வை" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

28 மார்ச், வெள்ளி

இன்று சில்லறை ரயிலில் பெங்களூர் போய்வந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

டப்பாவை டிபன் பையில், சாப்பாட்டுக்கு மேல் வைத்துக்கொண்டார். ரயிலில் கூட உட்காருகிற சைலஸ் அண்ணன் வழக்கப்படி, "இன்பராஜு, லெந்துக்கு தங்கச்சி இன்னா கட்டி குடுத்துச்சி, பாக்கலாம்" என்று பையில் கையை விட்டு டப்பாவைத் திறந்துவிட்டார். பார்த்துவிட்டு மெதுவாக மூடினாராம். "கண்ண மூடிகினு ஜெபம் பண்ணிகினு கீது. தொந்தரவு பண்ணக்கூடாது" என்றாராம். பங்காருப்பேட்டை வரைக்கும் பெட்டி முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.

டாக்டர் ஷில்பா ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். முன்பு என்ன தீனி? பெரும்பாலும் கூனி, எப்போதாவது உருண்டை. அதுவே குறைதான், கூனியில் சத்து போதாது. அதற்குப் பிறகு? சோறும் வெள்ளரியும். எத்தனை நாள்? இருபத்துமூன்று. ஏன்? அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "லெந்த்தா" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு, சிரிக்காமல் எழுதினாராம். கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் உடம்பில் இல்லை. அதனால் இமை வீங்கி மூடிக்கொண்டது. கண் தெரியாததால் சாப்பாடு தெரியவில்லை. சாப்பிடாததால் கண் திறக்கவில்லை. ஓடும் கொஞ்சம் இளகியிருக்கிறது. ஒரு ஊசி போட்டார். இரண்டாவது ஊசி பதினாலு நாள் கழித்து, டாக்டர் கிரணே போடலாம். சொட்டு மருந்து இரண்டு வேளை. வெதுவெதுப்பான தண்ணீர். காலை வெயில் நேராகப் படவேண்டும், கண்ணாடி வழியாக வருவது கணக்கில் சேராது. வாரம் ஒரு தடவை கிராம் கணக்கில் எடை பார்த்துச் சொல்லவேண்டும்.

சாப்பாடு: உருண்டைத் தீனி, முருங்கை இலை, வாரம் இரண்டு தடவை சுண்டுவிரல் நகம் அளவு கோழி ஈரல்.

"பொழைக்குமா?" என்று கேட்டேன்.

"சின்னது, அதான் யோசிக்கிறேன்னாங்க. பாதிக்குப் பாதி."

டேப்பைக் கிழித்து டப்பாவை இறக்கினேன். என் வயிற்றை நான் கட்டலாம். அதனுடைய வயிற்றைக் கட்டச் சொல்லி என்னிடம் யார் கேட்டது? நினிவேயில் அந்த மாடுகளுக்கு எத்தனை நாள் என்று திரும்பப் போய்ப் பார்த்தேன். போட்டிருக்கவில்லை. நிச்சயமாக நாற்பது இல்லை.

29 மார்ச், சனி

வீட்டுத் தராசில் கிராம் தெரியாது. நகைக்கடை மஞ்சுநாத்திடம் போனேன், என் காதுத்தோடு அடித்துத் தந்தவர். கடையில் ஒரு கல்யாண வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக நின்று, அவர்கள் போனதும் டப்பாவைத் திறந்தேன்.

"ஏனம்மா இது? அடகா?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். தராசுத் தட்டில் பட்டுத்துணி போட்டார். நான் சில்லறையின் ஓட்டை ஈரம் போகத் துடைத்து வைத்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்தினார், காற்றில் முள் ஆடக்கூடாது என்று. ஐம்பத்தெட்டு கிராம் நானூறு மில்லி.

"ஏழு சவரனுக்கு மேல ஆச்சு" என்றார். "சேதாரம் இல்லாம எழுதிக்கோங்க."

வரவுசெலவு நோட்டில் புதுப் பக்கம் போட்டு எழுதியிருக்கிறேன்.

ஈரல்தான் சங்கடம். கோழிக்கடை நம் சர்ச் தெருவிலேயே இருக்கிறது. லெந்து ஆரம்பத்தில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, குடும்பமாக ஒடுக்கத்தோடு இருக்கிறோம் என்று சாட்சி சொன்னவள் நான். எல்லம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிகினு கீற? நான் வாங்கியாறேன் போ" என்று வாங்கி வந்தாள். முருங்கை இலையும் அவள் மரம்தான். வாசற்படியில் நின்றபடியே கேட்டாள், "சின்னது எப்படி கீது?"

2 ஏப்ரல், புதன்

ஈர்க்குச்சி நுனியில் ஈரல் துணுக்கைக் குத்தி மூக்குக்கு நேராகப் பிடித்தேன். அரை மணி நேரம். வாய் திறக்கவில்லை. துணுக்கு வெளுத்துப்போனது. போர்மேனுக்குப் போட்டேன், அது என் விரலையும் சேர்த்துக் கடித்தது.

5 ஏப்ரல், சனி

57.9. அரை கிராம் குறைவு. மஞ்சுநாத் இரண்டு தடவை நிறுத்துக் காட்டினார்.

7 ஏப்ரல், திங்கள்

ஷைலா போன். இன்றைக்கும் போர்மேனையே இரண்டு தடவை காட்டினேன். இது பதினாலாவது தடவையோ பதினைந்தாவதோ. இப்போதெல்லாம் அவள் அதிகம் கேட்பதில்லை. பார்க்கிறாள், வைத்துவிடுகிறாள். மூன்று நிமிஷம், இரண்டு நிமிஷம். அது செத்துப்போனால் இந்த இரண்டு நிமிஷமும் இருக்காது. அதனால்தான் சொல்ல முடியவில்லை. அதனால்தானா? இல்லை, நான் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லையா? இரண்டும்தான்.

10 ஏப்ரல், வியாழன்

எல்லம்மா தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஈரல் இல்லை. பத்து மணி வரை யோசித்தேன். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கோழிக்கடைக்குப் போனேன். போட்டுக்கொண்டதுதான் தப்பு. யாரோ திருடி வருகிற மாதிரி இருந்திருக்கும்.

"ஈரல் நூறு கிராம்" என்று மெதுவாகச் சொன்னேன். கடைக்காரர், "இன்னாம்மா? சத்தமா சொல்லு" என்றார். சொன்னேன். பின்னால் பாஸ்டரம்மா ஆனி நின்றிருந்தார். தோளில் குருத்தோலை ஞாயிறுக்குச் சொல்லிவைத்த ஓலைக்கட்டு.

"ஐடா சிஸ்டர், யாருக்கு உடம்பு சரியில்ல?"

அவரே ஒரு வழியைத் திறந்துவிட்டார். அவருக்கு, எல்லம்மாவுக்கு, யார் பேரையாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமைக்கு" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. அந்தக் கோழிக்கடை முன்னால், இறகுக் கூடை பக்கத்தில் நின்றுகொண்டு, டேப் ஒட்டினது, நினிவே, ஊசி, நகைக்கடைத் தராசு, போர்மேனைத் திருப்பிப் பிடித்தது, எல்லாம் சொல்லிவிட்டேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாஸ்டரம்மா ஓலைக்கட்டை மறு தோளுக்கு மாற்றினார். "எங்க வூட்டு நாய்க்கு நான் நாப்பது நாளும் எலும்பு வாங்கறேன் சிஸ்டர். அதுக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கலியே" என்றார். கடைக்காரர்தான் முதலில் சிரித்தார்.

நடந்து வரும்போது கேட்டார்: "பொண்ணுக்கு சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"எனக்கு சொல்ல வந்துச்சி, அதுக்கு சொல்ல வரலியா" என்றார். திருப்பத்தில் போய்விட்டார்.

11 ஏப்ரல், வெள்ளி

இரண்டாவது ஊசி. டாக்டர் கிரண் ஊசியை எடுத்து, கீழே வைத்து, மறுபடி எடுத்தார். சில்லறை காலை உள்ளே இழுத்துக்கொண்டது. இழுத்துக்கொள்ளத் தெம்பு இருக்கிறதே என்றார்.

12 ஏப்ரல், சனி

57.9. குறையவில்லை.

ஏழரைக்குப் போன். போர்மேனைக் கையில் எடுக்கவே இல்லை. போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, சில்லறையைத் துணியோடு எடுத்து முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

"ஷைலா, இதுதான் சில்லறை. ரெண்டு கண்ணும் வீங்கி மூடிகினு கீது. மூணு வாரமா ஒண்ணும் சாப்பிடல. நான்தான் லெந்துன்னு தீனிய நிறுத்திட்டேன். நீ திரும்பி வரணும்னு இருந்த உபவாசம் அது. உன் ஆமைக்கும் சேத்து இருந்தேன். இத்தினி நாளும் உனக்கு போர்மேனத்தான் திருப்பித் திருப்பி காட்டினேன்."

படத்தில் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். போன் நின்றுவிட்டது. நான் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். "சொல்லிட்ட இல்ல. சாப்பிடு" என்றார். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று இப்போது எழுதப் பார்த்தால் ஞாபகம் இல்லை.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

போன் இல்லை.

15 ஏப்ரல், செவ்வாய்

போன் இல்லை. அவரிடம் பேசியிருக்கிறாள். மருந்துப் பேர், டாக்டர் நம்பர் எல்லாம் கேட்டாளாம். என்னைக் கேட்டாளா என்று நான் அவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

காலை வெயிலில் வாசலில் சில்லறையை வைத்துக் காக்காய்க்காக சல்லடையைக் கவிழ்த்து மூடினேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். கழுத்தை வெயில் பக்கமாக நீட்டியது. கண் தெரியாவிட்டாலும் வெயில் எங்கே என்று அதற்குத் தெரிகிறது.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையின் ஏழு வார்த்தைகளில் எதுவும் என் காதில் நிற்கவில்லை.

20 ஏப்ரல், ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனைக்குப் போய்வந்து, சேலை மாற்றாமல் நேராகத் தொட்டிக்குப் போனேன். மூடித்தான் இருந்தது. இன்றைக்குத் திறக்கும் என்று நினைத்திருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். ஆண்டவருக்கே நாள் குறித்துக் கொடுக்கிற புத்தி என்னை விட்டு இன்னும் போகவில்லை.

மீன் குழம்பு வைத்தேன். "நல்லா கீது" என்று அவர் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். ஷைலா அவருக்கு வாழ்த்து அனுப்பியிருந்தாள். கீழே, 'அம்மாக்கும்' என்று ஒரு வார்த்தை.

22 ஏப்ரல், செவ்வாய்

ஒன்றுமில்லாத செவ்வாய்க்கிழமை. துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீரில் சத்தம். சில்லறையின் இடது கண் திறந்திருந்தது, கோடு மாதிரி, ஊசிக் காது அளவு. பருப்பை அப்படியே போட்டுவிட்டு ஈர்க்குச்சியைத் தேடினேன். ஈரல் இல்லை, உருண்டைத் தீனிதான். ஊறவைத்து மூக்கின் முன்னால் காட்டினேன். வாயைத் திறந்து, தவறவிட்டு, மறுபடி திறந்து, கவ்வியது.

ஒரு உருண்டை. பிறகு இன்னொன்று.

அழுதேன். வாசலில் எல்லம்மா, "இன்னா ஐடாக்கா, போயிட்ச்சா?" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவளால் பொறுக்க முடியவில்லை, உள்ளே வந்துவிட்டாள். தொட்டியில் எட்டிப் பார்த்து, அது மெல்லுவதைப் பார்த்து, பிறகுதான் தன் காலைப் பார்த்தாள். "வந்தது வந்தாச்சி, ஒரு வாய் காப்பி போடு" என்றாள்.

படம் பிடித்து ஷைலாவுக்கு அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

26 ஏப்ரல், சனி

60.2. மஞ்சுநாத் தராசைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அடுத்த தடவை இனிப்பு கொண்டுவாங்க என்றார்.

கடையிலிருந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பு. ஷைலா. கூடத்தில் தரையில் மண்டியிட்டுத் தொட்டிக்கு நேராக முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டினாள். டப்பாவைக் கொடுத்தேன். சில்லறையை எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். இளைத்திருக்கிறாள்.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"மொத நாளே தெரியும்" என்றாள். "போர்மேனுக்கு ஓட்டு ஓரத்துல வெட்டு கீது. தலப்பக்கம் காட்டினாலும் வால்பக்கம் காட்டினாலும் அந்த வெட்டு தெரியுது."

"அப்ப ஏன் கேக்கல?"

"செத்துட்ச்சின்னு நெனச்சேன். கேட்டா சொல்லிடுவீங்க. கேக்கலன்னா..." நிறுத்திவிட்டாள். "அதுக்காகத்தான் டெய்லி பண்ணேன். ஒரு நாள் மெய்யாவே சில்லறைய காட்டுவீங்களோன்னு."

மூன்று வாரம் அந்தப் பக்கம் அவள் ஆமைக்காக அழுதுகொண்டிருந்திருக்கிறாள். இந்தப் பக்கம் நான் போர்மேனைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு ஏன் போன வெச்சிட்ட?"

"உயிரோட கீதுன்னு தெரிஞ்சதும் அழுகை வந்துட்ச்சி. உங்க முன்னாடி அழக்கூடாதுன்னு வெச்சிட்டேன். அப்புறம் கோவம் வந்துட்ச்சி. கோவம் அதிகமா இருந்திச்சி, மா."

"இருக்கட்டும்" என்றேன். "அன்னிக்கு வாசல்ல நான் சொன்னத சொல்லியிருக்கக் கூடாது. வூட்டு நெனப்பு வேணாம்னு."

அவள் சில்லறையைத் தொட்டியில் விட்டாள். "நீ காலைல சாப்பிடாம இருந்தியா, நாப்பது நாளும்?" என்று கேட்டாள். நீ என்றாள். ஆமாம் என்றேன். "லூசு" என்றாள்.

27 ஏப்ரல், ஞாயிறு

மூன்று பேரும் ஆராதனைக்குப் போனோம். பாஸ்டரம்மா ஷைலாவின் கையைப் பிடித்து, "ஆமை எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவளுக்கு ஆச்சரியம். சர்ச் முழுக்கத் தெரியும்போல என்றாள். கோழிக்கடைக்காரருக்கும் தெரியும் என்றேன்.

ஃப்ரிட்ஜ் தாளில் பன்னிரண்டாவது விதி எழுதிவிட்டு மாலை ரயிலில் போனாள்: இதுங்களுக்கு லெந்து, அட்வென்ட், உபவாசக் கூட்டம் எதுவும் கிடையாது.

வீட்டில் தங்குவாள் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். ஸ்டேஷனில் சன்னல் வழியாக, "மா, எனக்கு அந்த வேல புடிச்சிருக்கு" என்றாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று மட்டும் சொன்னேன். நான் கேட்டு உபவாசம் இருந்தது கிடைக்கவில்லை என்று இங்கே எழுத வேண்டும். கணக்கு சரியாக இருக்கவேண்டும் அல்லவா. ஆனால் எழுதும்போது அது வருத்தமாக இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

17 மே, சனி

64.1. இரண்டு கண்ணும் முழுக்கத் திறந்தாயிற்று. ஓடு கெட்டிப்பட்டுவிட்டது, தட்டினால் சத்தம் வருகிறது. டாக்டர் ஷில்பா இனி மாதம் ஒரு தடவை எடை பார்த்தால் போதும் என்றார். மஞ்சுநாத்துக்கு இதில் கொஞ்சம் வருத்தம்.

30 மே, வெள்ளி

சில்லறை கல்லின் மேல் ஏறிப் போர்மேன் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. போர்மேன் பொறுத்துக்கொள்கிறது.

11 ஜூன், புதன்

காலை பதினோரு மணிக்குப் போன். அந்த நேரத்தில் ஷைலா பேரைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன். ஒன்றுமில்லை, ஜுரம். லீவு போட்டு ஹாஸ்டலில் படுத்திருக்கிறாள். "மா, கஞ்சி எப்படி வெப்ப? எனக்கு நீ வெப்பியே, பூண்டு போட்டு." அங்கே கரன்ட் அடுப்பு ஒன்று இருக்கிறதாம். நொய் இல்லை, அரிசியை மிக்ஸியில் ஒரு சுற்று விடச் சொன்னேன். தண்ணீர் அளவு சொன்னேன். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கிளறினாள். பொங்கி வழிந்தது, திட்டினேன், சிரித்தாள். கூடத் தங்கியிருக்கிற ஆந்திராப் பெண் ஊறுகாய் கொடுத்தது, மானேஜர் சம்பளம் கூட்டுவதாகச் சொன்னது, ஒரு பையன் தினமும் ஒரே நீலச் சட்டையில் வருவது, எல்லாம் சொன்னாள். அந்தப் பையனைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டவர் என் நாக்கைப் பிடித்துக்கொண்டார்.

சூடாகக் குடி, மாத்திரையை ஆகாரத்துக்குப் பிறகு போடு என்று சொல்லி வைத்தேன். நாற்பத்திரண்டு நிமிஷம்.

தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் தோன்றியது. ஆமைகளைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.